கிளிக் ஓசையின் பின்னே

1954-ல் அமெரிக்காவின் பார்க்கர் நிறுவனம் ‘ஜாட்டர்’ பேனாவைக் கொண்டுவந்தது. தலைப் பொத்தானை அழுத்தினால் முனை வெளியே வரும். மறுபடி அழுத்தினால் உள்ளே போகும்.

அழகே உள்ளே இருக்கும் பல்வெட்டுப் பொறியில்தான். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ரீஃபில் சற்றே சுழல்வதால், நுனிக் குண்டு ஒரே பக்கமாகத் தேயாது. எத்தனை நுட்பமான யோசனை! 1957-ல் அந்தக் குண்டும் டங்ஸ்டன் கார்பைடுக்கு மாறியது.

அந்த ரீஃபிலின் வடிவமே பின்னர் உலகத் தரமானது. மரத்தில் பேனா கடைபவர்கள் பலரும் அந்த ரீஃபிலைப் பயன்படுத்துகிறார்கள். மரத்தில் துளையிட்டு, அது விரிசல் விடாதிருக்க உள்ளே பித்தளைக் குழாய் ஒட்டுகிறார்கள்.

இப்படிக் கடைந்த பேனாவில் அழுத்தியும் முனை வெளியே நிற்கவில்லையா? முதலில் ஸ்பிரிங்கையும் பல்வெட்டில் சேர்ந்த தூசியையும் பாருங்கள். பல் தேய்ந்திருந்தால் மட்டும் பொறியை மாற்றினால் போதும். கடைந்த மரம் அப்படியே இருக்கும்.