எட்டு நாள் விருந்தும் ஒரு மாலை ஜெபமும்



உயிர்த்தெழுதல் பண்டிகை கடந்தவுடன் நம் ஆலயத்தில் விவாக ஓலைகள் வாசிக்கப்படத் தொடங்குகின்றன. ஓலை வாசிக்கப்படும் ஒவ்வொரு வீட்டிலும் மகிழ்ச்சி உண்டு. பல வீடுகளில் அந்த மகிழ்ச்சிக்கு அருகே ஒரு கவலையும் குடியிருக்கிறது. மண்டபத்திற்கு எவ்வளவு, நகைக்கு எவ்வளவு, எத்தனை பந்தி, எவரிடம் கடன் என்னும் கவலை அது. ஆகவே இந்த வாரம், ஜெர்மானிய தேசத்தில் ஐம்பது ஆண்டு இடைவெளியில் நடந்த இரண்டு திருமணங்களை உங்கள் சிந்தனைக்கு வைக்கிறேன்.

முதலாவது திருமணம், 1475-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பவேரியாவின் லாண்ட்ஸ்ஹூட் நகரில் நடந்தது. மணமகன் பிரபு வம்சத்து ஜார்ஜ். அவருக்கு வயது 20. மணமகள் போலந்து அரசர் நான்காம் காசிமிரின் மகள் ஹெட்விக். அவருக்கு வயது 18. இரண்டு அரண்மனைகளின் தூதர்கள் பேசி முடித்த சம்பந்தம் அது. பேரரசர் மூன்றாம் பிரடெரிக்கே தம் மகன் மாக்சிமிலியனோடு வந்திருந்தார். விருந்துக்கு 300-க்கும் மேற்பட்ட மாடுகளும் ஏறத்தாழ 40,000 கோழிகளும் அடிக்கப்பட்டன. முட்டைகள் மட்டும் 1,90,000-க்கு மேல். செலவு 60,000 பொற்காசுகளைத் தாண்டியது. எட்டு நாள் அளவும் நகரத்து மக்கள் அனைவரும் பிரபுவின் செலவில் உண்டார்கள். இன்றும் அந்நகரத்தார் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை அத்திருமணத்தை நடித்துக் கொண்டாடுகிறார்கள்.

விருந்து நினைவில் நின்றது. இல்லறமோ? ஹெட்விக் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கணவரின் அரண்மனைக்குத் தொலைவில், புர்க்ஹவுசன் கோட்டையிலே கழித்து, 1502-இல் மரித்தார். மறு ஆண்டு ஜார்ஜும் மரித்தார். ஆண் வாரிசு எஞ்சவில்லை. மகளுக்கு நாட்டை எழுதிவைத்ததை உறவினர் ஏற்கவில்லை; 1504-இல் வாரிசுரிமைப் போர் மூண்டது. அதன் முடிவில் லாண்ட்ஸ்ஹூட் தனி ஆட்சியாக நிலைக்கவில்லை. விருந்தினால் இத்துயரம் வந்தது என்று நான் சொல்லவில்லை. அவ்வாறு சொல்வது நியாயமாகாது. எத்தனை பெரிய விருந்தும் வரப்போகும் நாட்களுக்குக் காவல் ஆகாது என்றே சொல்கிறேன்.

இரண்டாவது திருமணம், 1525-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் நாள் மாலையில் விட்டன்பர்க் நகரில் நடந்தது. மணமகன் மார்ட்டின் லுத்தர், வயது 41. மணமகள் கத்தரீனா வான் போரா, வயது 26. ஈராண்டுகளுக்கு முன் கன்னியர் மடத்தைவிட்டு வெளியேறியவர் அவர். சீர் கொண்டுவர அவரிடம் ஒன்றும் இல்லை. நகரத்துப் போதகர் யோகன்னஸ் புகன்ஹாகன் திருமணத்தை நடத்தினார். ஓவியர் லூக்காஸ் கிரானக்கும் அவர் மனைவியும் உட்பட மிகச் சிலரே சாட்சிகள். உற்ற நண்பராகிய மெலாங்க்தனுக்கும் அழைப்பில்லை. அவர் மனம் வருந்தினார். அந்த ஆண்டுதான் குடியானவர் கிளர்ச்சி அடக்கப்பட்டு, தேசம் இரத்தத்தால் நனைந்திருந்தது.

ஆயினும் லுத்தர் விருந்தை வெறுத்தவர் அல்லர். இரண்டு வாரம் கழித்து, ஜூன் 27-இல், ஊர்வலமாக ஆலயத்திற்குச் சென்று, பெற்றோரையும் நண்பரையும் அழைத்து விருந்து வைத்தார். மைன்ஸ் பேராயர் 20 பொற்காசு அனுப்பியபோது லுத்தர் வேண்டாமென்றார் என்றும், கத்தரீனா சத்தமில்லாமல் வாங்கி வைத்துக்கொண்டார் என்றும் சொல்லப்படுகிறது. குடும்பக் கணக்கை அறிந்த பெண்மணி!

அந்தக் கணக்கே அக்குடும்பத்தைத் தாங்கியது. கத்தரீனா தோட்டம் பயிரிட்டார், கால்நடை வளர்த்தார், மாணவருக்கு வீட்டில் இடமும் உணவும் கொடுத்தார். ஆறு பிள்ளைகள் பிறந்தார்கள். இரண்டு பெண்பிள்ளைகளை அவர்கள் அடக்கம்பண்ண வேண்டியிருந்தது. 1546-இல் லுத்தர் மரிக்கும்வரை, இருபது ஆண்டுகளுக்கு மேல், அந்த இல்லறம் நிலைத்தது.

1529-இல் லுத்தர் போதகர்களுக்காகத் திருமண முறைமை ஒன்றை வெளியிட்டார். கலியாணச் சடங்குகள் அந்தந்த ஊர் வழக்கத்தைச் சேர்ந்தவை. அவற்றைப் போதகர் கட்டளையிட வேண்டியதில்லை என்றார். ஆனால் மணமக்கள் ஜெபத்தைக் கேட்டு வரும்போது, தேவவசனத்தை வாசித்து அவர்களை ஆசீர்வதிப்பது சபையின் கடமை என்றார். சபை கொடுக்கக்கூடியதும், மணமக்கள் பெற்றுக்கொள்ள வேண்டியதும் அதுவே.

பிரியமானவர்களே, எளிமை என்பது கஞ்சத்தனம் அல்ல. கானா ஊர்க் கலியாணத்தில் குறைவுண்டானபோது நம் ஆண்டவர் நிறைவாகவே கொடுத்தார். ஆனால் அவரே, கோபுரம் கட்டப் புறப்படுகிறவன் முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும் என்றும், பதில் விருந்து செய்ய இயலாத ஏழைகளை விருந்துக்கு அழைக்க வேண்டும் என்றும் போதித்தார். இவ்விரண்டையும் கைக்கொண்டால் நம் கலியாணங்கள் தாமாகவே அளவோடு அமையும்.

மணவீட்டாருக்குச் சொல்வதைவிட, விருந்தினராகிய நமக்கே நான் அதிகம் சொல்ல வேண்டும். ஒரு தகப்பனார் வட்டிக்கு வாங்குவது பெரும்பாலும் தம் ஆசைக்காக அல்ல. நம் வாய்க்குப் பயந்தே வாங்குகிறார். பந்தியில் எத்தனை வகை, கழுத்தில் எத்தனை சவரன் என்று கைகழுவும் இடத்தில் நாம் பேசுகிற பேச்சு, அடுத்த வீட்டுக் கலியாணத்தின் செலவாக மாறுகிறது. மணமகள் புது வீட்டில் விளக்கேற்றும் நாளில், அவளைப் பெற்றவர்கள் வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துவிட்டு உறக்கமின்றி இருந்தால், அதில் நமக்கும் பங்கு உண்டு.

ஆகையால் அடுத்த ஓலை வாசிக்கப்படும்போது இரண்டு காரியம் செய்யுங்கள். அந்த இருவருக்காகவும் பெயர் சொல்லி ஜெபியுங்கள். விருந்து எப்படி இருந்தாலும் குறை சொல்லாமல் உண்டு, வாழ்த்தி, வீடு திரும்புங்கள். ஓலை கொடுக்க வரும் குடும்பங்களே, தேதி குறிக்குமுன் ஒருமுறை என்னோடு உட்காருங்கள்; சேர்ந்து ஜெபிப்போம், சேர்ந்து கணக்கும் பார்ப்போம்.

கர்த்தர் உங்கள் இல்லங்களைக் கட்டி எழுப்புவாராக. ஆமென்.