கேட்டுப் பேசும் கருவிகள்

கம்பியில்லாக் கருவிகள் இலட்சக்கணக்கில் பெருகிவிட்ட நிலையில், எந்தக் கருவி எந்தத் தடத்தில் எப்போது பேசலாம் என்று ஓரிடத்திலிருந்து வகுத்துக் கொடுப்பது ஆகாத காரியம் என்பதால், அந்த முடிவைக் கருவிகளிடமே விட்டுவிடும் முறை தன்னொழுங்கு எனப்படுகிறது. தமிழகத்தில் இதற்கு நல்ல சான்று கார்டெக்ட். சென்னை ஐ.ஐ.டி.யின் டெநெட் குழு, பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் முன்னெடுப்பில், மைடாஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 1990-களில் உருவாக்கிய இத்தொலைபேசி முறை, டெக்ட் என்னும் ஐரோப்பியத் தரத்தைப் பின்பற்றி, 10 அலைவரிசைகளில் ஒவ்வொன்றையும் 12 இருவழிக் காலத்துண்டுகளாகப் பகுத்து 120 தடங்களைத் தந்தது. வீட்டுச் சுவரில் மாட்டிய கருவி தடங்களின் இரைச்சலை அளந்து, அமைதியான ஒன்றைத் தானே தேர்ந்துகொண்டது. பேச்சின் நடுவே குறுக்கீடு வந்தால், பேசுபவர் அறியாமலே வேறு தடத்துக்கு மாறியது. எனவே புதிய நிலையம் ஒன்றை நிறுத்தும்போது பழையவற்றின் அலைவரிசைப் பங்கீட்டைத் திருத்தும் வேலை எழவில்லை.

மண்டியும் வெள்ளிப் பட்டறையும் வீடும் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் சேலம் செவ்வாய்ப்பேட்டை போன்ற இடத்தில், வைஃபை பெட்டிகளின் நிலை இன்னும் நெருக்கடியானது. 2005-இல் உரிமத் தேவை நீக்கப்பட்ட 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றோடொன்று கலவாமல் ஒருங்கே பயன்படுபவை 1, 6, 11 என மூன்றே தடங்கள். ஆகவே ஒவ்வொரு பெட்டியும் முதலில் காது கொடுத்துக் கேட்கிறது. காற்று அமைதியாக இருந்தாலும் உடனே பேசாமல், குலுக்கல்போல் ஓர் எண்ணை எடுத்து, நொடியின் பத்து இலட்சத்தில் 9 பங்குக்கு ஒன்றாக அதைக் குறைத்துக்கொண்டே வந்து, பூச்சியம் ஆனதும் பேசுகிறது. இடையில் வேறொன்று பேசினால் எண்ணுவதை நிறுத்திக் காத்திருக்கிறது. பெற்றுக்கொண்டதாகப் பதில் வராவிட்டால், மோதல் நேர்ந்ததென்று கொண்டு (இது ஊகமே), குலுக்கலின் எல்லையை இரட்டிப்பாக்குகிறது.

இணையத்திலும் இதே பொறுமைதான் மருந்தாயிற்று. 1986-இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில், சுமார் 400 கஜ இடைவெளியிலிருந்த இரு நிறுவனங்களுக்கிடையே வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டாகச் சரிந்தபோது, வான் ஜேக்கப்சன் கண்ட தீர்வு, தரவுப் பொட்டலம் தொலைந்தால் அனுப்புபவரே வேகத்தைக் குறைத்துக்கொள்வதாகும்.

ஆனால் கேட்டுப் பேசும் முறை, கேட்கும் தூரத்துக்கு உட்பட்டது. தேனிப் பகுதியில் அரவிந்த் கண் மருத்துவமனையைக் கிராமக் கண் பரிசோதனை மையங்களோடு வைஃபை வழியே இணைக்க முயன்ற பெர்க்லி ஆய்வாளர்களுக்கு இது கண்கூடாயிற்று. 15 கிலோமீட்டரைக் கடக்க ரேடியோ அலைக்கு 50 மைக்ரோ நொடி ஆகிறது; அதற்குள் மறுமுனை அமைதியென்று நம்பித் தானும் பேசத் தொடங்கிவிடும். செவ்வாய்ப்பேட்டைச் சந்தில் செல்லுபடியான விதியை அவர்கள் அங்கே கைவிட்டு, இரு முனைகளும் முன்பே பேசிவைத்த கால முறைப்படி மாறிமாறி அனுப்புமாறு அமைத்தனர்.