ரெண்டு டபிள்யூ, ரெண்டு ஓ, ஒரு எஃப்

வெளிநாட்டில் ஊர் சுத்தணும்னா முதலில் கையைக் கடிக்கிறது தங்குற செலவுதான். அதை மிச்சம் பிடிக்க ஒரு வழி இருக்கு. ஒரு இயற்கை விவசாயப் பண்ணையில் தினமும் நாலு முதல் ஆறு மணி நேரம் வேலை செய்யணும். பண்ணைக்காரர் சாப்பாடும் படுக்க இடமும் கொடுப்பார். காசு கைமாறாது. இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் வூஃப். ஆங்கிலத்தில் ரெண்டு டபிள்யூ, ரெண்டு ஓ, ஒரு எஃப்.

1971-ல் ஆரம்பித்ததிலிருந்து இந்த அஞ்சு எழுத்து மாறவே இல்லை. அதன் விரிவாக்கம் மட்டும் ரெண்டு தடவை மாறியிருக்கு. பொட்டி தட்டுறவங்க பாஷையில் சொன்னால் இன்டர்ஃபேஸ் அப்படியே இருக்கு, உள்ளே இருக்கிற கோடை மாத்திட்டாங்க :-) ஏன் மாத்தினாங்கன்னு பார்த்தால் அதுவே ஒரு நல்ல வரலாறு.

முதல் பெயர் 'வொர்க்கிங் வீக்கெண்ட்ஸ் ஆன் ஆர்கானிக் ஃபார்ம்ஸ்'. சூ கோப்பார்ட் லண்டனில் செக்ரட்டரியாக வேலை பார்த்தவர். நகரத்தில் அடைந்து கிடக்கிறவர்களுக்கு கிராமத்தைப் பார்க்க ஒரு வழி வேணும், இயற்கை விவசாயத்துக்கும் கொஞ்சம் உதவியாக இருக்கணும் என்று யோசித்தார். சஸெக்ஸில் இருக்கிற எமர்சன் காலேஜ் பண்ணையில் ஒரு வாரக்கடைசி சோதனை முயற்சி. போனது மொத்தம் நாலே பேர்!

பண்ணைக்காரர்களுக்கு இது ஏன் பிடித்தது? களைக்கொல்லி அடிக்காத வயலில் களையைக் கையால்தான் பறிக்கணும். உரம் மக்க வைக்கணும், கிளறணும். எல்லாத்துக்கும் ஆள் வேணும், கூலி கொடுக்கக் காசு இருக்காது. நகரத்து ஆளுக்கோ காற்றும் மண்ணும் வேணும். வாரம் முழுக்க ஆபீஸில் ஆணி புடுங்கினவன் சனி ஞாயிறு களை புடுங்கப் போனான். ரெண்டு பேருக்கும் லாபம்.

ஆனால் போனவர்கள் ரெண்டு நாளில் திரும்ப மனசில்லாமல் வாரக்கணக்கில் தங்க ஆரம்பித்தார்கள். 'வீக்கெண்ட்' என்ற வார்த்தை பொருந்தவில்லை. அப்போது வந்த ரெண்டாவது பெயர்தான் 'வில்லிங் வொர்க்கர்ஸ் ஆன் ஆர்கானிக் ஃபார்ம்ஸ்'. விரும்பி வரும் வேலைக்காரர்கள். திட்டம் மற்ற நாடுகளுக்கும் பரவியது. இணையம் வராத காலம் என்பதால் பண்ணைகளின் பட்டியலைப் புத்தகமாக அச்சடித்து உறுப்பினர்களுக்குக் கொடுத்தார்கள்.

வம்பு வந்தது இங்கேதான். விமான நிலையத்தில் இமிக்ரேஷன் அதிகாரி "எதுக்கு வந்தீங்க?" என்று கேட்கும்போது கையில் 'வொர்க்கர்' என்று பெயர் போட்ட காகிதம், பாஸ்போர்ட்டில் டூரிஸ்ட் விசா. யோசித்துப் பாருங்க. சோறும் இடமும் கூலி மாதிரிதானே, உள்ளூர்க்காரன் செய்ய வேண்டிய வேலைதானே என்று அரசாங்கங்கள் கேட்டன. அமெரிக்காவில் டூரிஸ்ட் விசாவில் வந்து இப்படி வேலை செய்வது சட்டப்படி தப்பு.

2000-ல் மூன்றாவது பெயர் வந்தது: 'வேர்ல்ட் வைட் ஆப்பர்ச்சூனிட்டீஸ் ஆன் ஆர்கானிக் ஃபார்ம்ஸ்'. உலகம் முழுக்கப் பரவியதைச் சொன்ன மாதிரியும் ஆச்சு, 'வேலை'யைத் தூக்கின மாதிரியும் ஆச்சு. வேலை போய் 'வாய்ப்பு' வந்தது. களை மட்டும் அதே களைதான்.

பெயரை மாத்தினால் விஷயம் மாறிடுமா? ஆஸ்திரேலியாவில் நடந்ததைப் பார்த்தால் இதுக்குப் பதில் கிடைக்கும். அங்கே 'வொர்க்கிங் ஹாலிடே' விசா என்று ஒன்று, இளைஞர்களுக்கானது. நகரங்களுக்கு வெளியே பண்ணை மாதிரி இடங்களில் மூன்று மாதம், அதாவது 88 நாள், வேலை செய்தால் இன்னொரு வருஷம் தங்கலாம் என்று 2005-ல் விதி வந்தது. சம்பளமில்லாத வூஃப் நாட்களும் அந்தக் கணக்கில் சேர்ந்தன. ஆனால் 88 நாள் வேலை செய்ததற்குப் பண்ணைக்காரர் கையெழுத்து போடணும்.

அந்த ஒரு கையெழுத்துதான் எல்லாத்தையும் புரட்டிப் போட்டது. அதுவரை பண்ணைக்காரர் சரியில்லையென்றால் மறுநாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிடலாம். இப்போ 60 நாள் முடித்தவன் எங்கே போவான்? நாலு மணி நேரம் எட்டானாலும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்க வேண்டியதுதான். பண்ணைகளில் இளைஞர்கள் சுரண்டப்படுகிறார்கள் என்ற புகார்கள் வலுத்து, 2015-ல் அரசாங்கம் விதியை மாற்றியது. சம்பளம் வாங்கியதற்கு ஆதாரம் காட்டினால்தான் நாள் கணக்கு. சம்பளமில்லாத வேலை செல்லாது.

சோறு போட்டு, இடம் கொடுத்து வயல் வேலை வாங்குவதற்கு நம்மூரில் வேற பெயர்கள் உண்டு. அதில் எதையும் யாரும் ஆசையாகச் சொல்ல மாட்டோம். வூஃப் அதிலிருந்து வேறுபடுவது ஒரே இடத்தில்தான்: நாளைக்கே கிளம்பிப் போகலாம் என்ற சுதந்திரம். அது இருக்கிறவரை விருந்தாளி, போய்விட்டால் பண்ணையாள். சூ கோப்பார்டின் முதல் நாலு பேரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குத் திரும்பியவர்கள் என்பதை மறக்கக் கூடாது.

இதை இப்போ எழுதக் காரணம் இருக்கு. ஆஸ்திரேலியாவின் 'வொர்க் அண்ட் ஹாலிடே' விசா 2024-ல் இந்தியர்களுக்கும் திறந்தது. 18 முதல் 30 வயது வரை, வருஷத்துக்கு 1,000 இடம், குலுக்கல் முறை. ரெண்டாவது வருஷம் வேணுமென்றால் இதிலும் மூன்று மாத வேலைக் கணக்கு உண்டு. பேர் விழுந்து கிளம்புகிற தம்பி தங்கைகளுக்கு ஒரே வார்த்தை: பண்ணையின் படங்களைப் பார்ப்பதற்கு முன்னால், பிடிக்காவிட்டால் மறுநாளே கிளம்பிப் போக முடியுமா, கையில் அதுக்குக் காசு இருக்கா என்று பாருங்கள்.

உங்களில் யாராவது இப்படிப் பண்ணையில் தங்கினதுண்டா? இருந்தால் சொல்லுங்களேன்.