கேட்டது 50 லட்சம் டாலர்... கிடைத்தது 95 லட்சம்! ஆனாலும் பென்னட் கல்லூரியின் அங்கீகாரம் பறிபோனது ஏன்?

2018 டிசம்பரில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் உள்ள ஒரு சின்ன பெண்கள் கல்லூரிக்கு அதிர்ச்சித் தகவல் வந்தது. படிப்பிலோ ஆசிரியர்களிலோ குறை இல்லை. கையில் போதிய பணம் இல்லை என்பதுதான் புகார். அதனால் அங்கீகாரம் ரத்து! கிரீன்ஸ்பரோ நகரில் 1873 முதல் இயங்கிவரும் பென்னட் கல்லூரிதான் அது.

கறுப்பினக் கல்லூரி என்றால் என்ன?

கமலா ஹாரிஸ் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் படித்தவர் என்று செய்திகளில் பார்த்திருப்பீர்கள். (ஹார்வர்டு இல்லை, ஹோவர்டு. பலரும் குழப்பிக்கொள்ளும் இடம் இது.) வெள்ளையர் கல்லூரிகளில் கறுப்பினத்தவருக்கு இடம் மறுக்கப்பட்ட காலத்தில் அவர்களுக்காகவே தொடங்கப்பட்ட நிறுவனங்களில் ஹோவர்டும் ஒன்று. 1964-க்கு முன்பு தொடங்கப்பட்ட இப்படிப்பட்ட கல்லூரிகளுக்கு அமெரிக்கச் சட்டத்தில் தனி அடையாளமே உண்டு. இன்று சுமார் 100 இருக்கின்றன. அவற்றில் பெண்களுக்கு மட்டுமானவை இரண்டே இரண்டு: அட்லாண்டாவில் ஸ்பெல்மன், கிரீன்ஸ்பரோவில் பென்னட்.

பென்னட்டின் முதல் வகுப்பறை, ஒரு மெத்தடிஸ்ட் தேவாலயத்தின் அடித்தளம். அடிமைத்தனத்திலிருந்து விடுதலையான மக்களுக்குப் பாடம் சொல்லித்தர அங்கே பள்ளி தொடங்கியது. லைமன் பென்னட் என்பவர் நிலம் வாங்க 10,000 டாலர் கொடுத்தார். பெயர் வந்தது அப்படித்தான். ஆண், பெண் இருவரும் படித்த இடம், 1926-ல் பெண்கள் கல்லூரியாக மாறியது. மெத்தடிஸ்ட் சபையுடனான தொடர்பு இன்றும் தொடர்கிறது. இலக்கியம், வரலாறு, அறிவியல் எனப் பல துறைகளையும் தொட்டுப் படிக்கும் 'லிபரல் ஆர்ட்ஸ்' பாடமுறைதான் இங்கே.

சர்ச் கல்லூரியாக இருந்ததால் என்ன லாபம்?

இதைப் புரிந்துகொள்ள 1958-க்குப் போக வேண்டும். மார்ட்டின் லூதர் கிங் கிரீன்ஸ்பரோவில் பேச வருகிறார். ஊரில் இடம் கொடுக்கப் பலருக்கும் பயம். அரசுக் கல்லூரி என்றால் மாநில அரசின் கோபத்துக்கு ஆளாக வேண்டியிருக்கும். பென்னட்டுக்கு அந்தக் கவலை இல்லை. பணம் தருவது அரசு இல்லையே! கல்லூரித் தலைவர் வில்லா பிளேயர் தயங்காமல் கதவைத் திறந்துவிட்டார். அந்த பிப்ரவரியில் கல்லூரியின் ஃபைஃபர் சேப்பலில் கிங் பேசினார்.

போராட்டம் பென்னட்டுக்குப் புதுசும் இல்லை. கறுப்பின நடிகர்கள் வரும் காட்சிகளை வெட்டிவிட்டுப் படம் காட்டிய நகரத் தியேட்டர்களை எதிர்த்து 1937-லேயே மாணவிகள் தெருவில் இறங்கியிருந்தார்கள். தலைமை தாங்கிய பிரான்சிஸ் ஜோன்ஸ், அப்போதைய கல்லூரித் தலைவரின் மகள்!

1960 பிப்ரவரி 1-ல் கிரீன்ஸ்பரோ வூல்வொர்த் கடையின் சாப்பாட்டு கவுண்டரில் நான்கு மாணவர்கள் உட்கார்ந்து நடத்திய போராட்டம் உலகப் புகழ் பெற்றது. அந்த நால்வரும் பக்கத்து அரசுக் கல்லூரி மாணவர்கள். ஆனால், திட்டம் போட்ட கூட்டங்களில் நாங்களும் இருந்தோம் என்று அக்கால பென்னட் மாணவிகள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். அடுத்தடுத்த நாட்களில் அவர்களும் கவுண்டரில் போய் உட்கார்ந்தார்கள். வரலாற்றுப் புத்தகங்களில் நால்வர் படம்தான் இருக்கிறது. மாணவிகளுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை.

1963-ல் போராட்டம் மறுபடி சூடுபிடித்தபோது மாணவிகள் நூற்றுக்கணக்கில் கைதானார்கள். சிறையில் இடம் போதாமல் பழைய போலியோ மருத்துவமனைக் கட்டடத்தில் அடைத்தார்கள். வில்லா பிளேயர் அங்கேயே போய் அவர்களைப் பார்த்தார். படிப்பு கெடக் கூடாது என்று பாட வேலைகளையும் கொண்டுபோய்ச் சேர்க்க ஏற்பாடு செய்தார்.

சரி, பணம் எப்படிக் குறைந்தது?

அரசு நிதியை நம்பாததில் சுதந்திரம் இருந்தது. அதற்கு விலையும் இருந்தது. இப்படிப்பட்ட கல்லூரி ஓடுவது மாணவிகள் கட்டும் கட்டணத்திலும் நன்கொடையிலும்தான். 2010 வாக்கில் 700-க்கும் மேல் இருந்த மாணவிகள் எண்ணிக்கை, 2018-ல் 500-க்கும் கீழே வந்துவிட்டது. ஆள் குறைந்தால் வரவு குறையும். கட்டடம், சம்பளம், கரன்ட் பில் மட்டும் குறையாது.

தென் மாநிலக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் ஆணையம், பென்னட்டை 2 ஆண்டுகள் கண்காணிப்பில் வைத்திருந்தது. அந்தக் கெடு முடிந்ததும் ரத்து.

அங்கீகாரம் போனால் என்ன ஆகும்?

'பெல் கிராண்ட்' போன்ற மத்திய அரசின் கல்வி உதவித்தொகையும் கல்விக் கடனும் அங்கீகாரம் உள்ள கல்லூரி மாணவர்களுக்கு மட்டுமே. பென்னட் மாதிரி இடத்தில் ஏழைக் குடும்பத்துப் பெண்கள் அதிகம். உதவித்தொகை நின்றால் அவர்கள் நிற்பார்கள். அவர்கள் நின்றால் கல்லூரியே நின்றுவிடும்.

அதனால் 2019 பிப்ரவரி 1-க்குள் 50 லட்சம் டாலர் திரட்டக் கல்லூரி களத்தில் இறங்கியது. கவுண்டர் போராட்டத்தின் அதே தேதி! பழைய மாணவிகள், சர்ச்சுகள், முன்பின் தெரியாதவர்கள் எனப் பணம் கொட்டியது. பக்கத்தில் உள்ள ஹை பாயின்ட் பல்கலைக்கழகம் மட்டும் 10 லட்சம் டாலர் கொடுத்தது. மொத்தம் சுமார் 95 லட்சம்.

இருந்தும் அந்த மாதமே மேல்முறையீடு தள்ளுபடி. ஒரு தடவை வந்த நன்கொடை வேறு, வருடா வருடம் தாங்கும் வருமானம் வேறு. நிலையான நிதி ஆதாரத்தைக் கல்லூரி நிரூபிக்கவில்லை என்றது ஆணையம். விதிப்படி சரிதான். ஆனால் 95 லட்சம் திரட்டிய பிறகும் 'போதாது' என்று கேட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

இப்போது நிலைமை என்ன?

கல்லூரி உடனே அட்லாண்டா மத்திய நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கு நடக்கும்வரை அங்கீகாரம் தொடரலாம் என்று உத்தரவு கிடைத்தது. உதவித்தொகை நிற்கவில்லை. இடைப்பட்ட காலத்தில் கிறிஸ்தவக் கல்லூரிகளுக்கான வேறொரு அங்கீகார அமைப்பிடம் விண்ணப்பித்து, பின்னர் அதன் அங்கீகாரத்தைப் பெற்றுவிட்டது பென்னட். மாணவிகள் எண்ணிக்கை மட்டும் உடனே மீளவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் 300-க்கும் கீழே இறங்கியது.