மாருதி சுசூகி ஏ-ஸ்டார்

2008 நவம்பரில் இந்தியச் சந்தைக்கு வந்த ஐந்து கதவுச் சிறிய கார். மானேசர் ஆலையில் தயாரானது. ஐரோப்பாவில் சுசூகி ஆல்டோ, நிசான் பிக்ஸோ என்ற பெயர்களில் விற்றது. 998 சிசி, மூன்று சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், முன்சக்கர இயக்கம். விற்பனை 2014-இல் நின்றது.

பின்பக்கம் நோக்கி மேலேறும் ஜன்னல் விளிம்பும் அகன்ற பின்தூணும் பார்க்க அழகு. ஆனால், வண்டிப்பெரியாறு வழியே குமுளிக்கு ஏறும் தேசிய நெடுஞ்சாலை 183 போன்ற மலைச்சாலையில் வண்டியைப் பின்னெடுக்கும்போது அந்தத் தூண் பார்வையை மறைக்கும். பின்னிருக்கையும் டிக்கியும் நெருக்கடிதான்.

2010 பிப்ரவரியில் சுமார் ஒரு லட்சம் ஏ-ஸ்டார் கார்களை நிறுவனம் திரும்ப அழைத்தது. எரிபொருள் பம்பின் கேஸ்கெட் சரியாகப் பொருந்தாவிட்டால், டேங்கை முழுக்க நிரப்பும்போது பெட்ரோல் கசியக்கூடும். பாகம் சிறியது, ஆனால் பெட்ரோல் கசிவைச் சிறிய பழுதென்று தள்ள முடியாது. சரிசெய்யக் கட்டணம் இல்லை. திரும்பப் பெறச்சொல்லி அரசு உத்தரவிடும் அதிகாரம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் வந்தது. அன்றைய அழைப்பு நிறுவனம் தானாகச் செய்தது.

தொடக்ககால வண்டிகள் 15 ஆண்டுப் பதிவுக்காலத்தைக் கடந்துவிட்டன. பழைய ஏ-ஸ்டார் வாங்குபவர் சேசிஸ் எண்ணைக் கொடுத்து, எரிபொருள் பம்பின் கேஸ்கெட் பழுது சரிசெய்யப்பட்டதா என்று டீலரிடம் கட்டாயம் கேட்க வேண்டும்.