படுக்கையில் பிறந்த புதையல் தீவு

சில மாதங்களுக்கு முன் பதினேழு வயசுப் பையன் ஒருத்தன் வந்தான். நுரையீரல் காசநோய். மருந்து ஆரம்பிச்சாச்சு. முதல் சில வாரம் வீட்டிலேயே, காற்றோட்டமான தனி அறையில் இருக்கச் சொன்னேன்.

"சார், மாத்திரை கூட போட்டுக்கிறேன். நாலு சுவத்தையே பாத்துட்டு இருக்கறதுதான் முடியல"ன்னான்.

அவனுக்கு நான் எழுதிக் கொடுத்த மூன்று கதைகளைத்தான் இந்த இழையில் உங்களுக்கும் சொல்லப் போகிறேன். மூன்றுமே புதையல் வேட்டை.

முதலில் ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் "ட்ரெஷர் ஐலண்ட்". தமிழில் "புதையல் தீவு".

1881 கோடைக்காலம். ஸ்காட்லாந்தின் பிரேமார் என்ற ஊர். விடாத மழை, குளிர். ஸ்டீவன்சனுக்கு வயது 30. சின்ன வயசிலிருந்தே நெஞ்சு நோய், இருமினால் ரத்தம் வரும். வெளியே போக வழியில்லை.

மனைவியின் முதல் திருமணத்து மகன் லாயிட், பள்ளிச் சிறுவன். அவனுக்கும் பொழுது போகவில்லை. இருவரும் சேர்ந்து வர்ணம் தீட்டி விளையாடியதில் ஒரு தீவின் வரைபடம் உருவானது. அந்தத் தாளைப் பார்த்துப் பார்த்தே கதை பிறந்தது. நாளைக்கு ஒரு அத்தியாயம் எழுதி வீட்டாருக்கு வாசித்துக் காட்டினார். அப்பா தாமஸ், கலங்கரை விளக்கம் கட்டும் பொறியாளர். அவரும் குழந்தை மாதிரி கூட்டு சேர்ந்துகொண்டு, கிழட்டு மாலுமியின் பெட்டிக்குள் என்னென்ன இருக்கும் என்று பட்டியலே போட்டுக் கொடுத்தார்.

பதினைந்து அத்தியாயம் ஆனதும் எழுத்து நின்றுவிட்டது. உடம்பும் ஒத்துழைக்கவில்லை. குளிர்காலத்துக்கு சுவிட்சர்லாந்தின் தாவோஸ் போனார். நெஞ்சு நோயாளிகள் மலைக்காற்றுக்காகப் போய்த் தங்கும் ஊர் அது. மீதிக் கதையை அங்கேதான் முடித்தார். 1883-இல் புத்தகமாக வந்தது.

இன்னொரு வேடிக்கை. புத்தகமாக்க அனுப்பிய அந்த வரைபடம் வழியில் தொலைந்து போச்சு! கதையைப் பார்த்து மறுபடி வரைந்தார்.

சரி, ஒற்றைக்கால் கடற்கொள்ளையன் லாங் ஜான் சில்வர் எங்கிருந்து வந்தான்?

எடின்பரோ மருத்துவமனையிலிருந்து. கவிஞர் டபிள்யூ. ஈ. ஹென்லிக்கு எலும்பில் காசநோய். இடது கால் முழங்காலுக்குக் கீழே ஏற்கெனவே போயாச்சு. வலது காலையும் எடுக்கணும் என்ற நிலையில் ஜோசப் லிஸ்டரைத் தேடி வந்தார். கார்பாலிக் அமிலத்தால் கிருமி நீக்கி அறுவை செய்யலாம் என்று காட்டிய அதே லிஸ்டர். வலது கால் பிழைத்தது. அங்கே படுக்கையில் கிடந்த ஹென்லியை 1875-இல் ஸ்டீவன்சன் சந்தித்து நண்பரானார். கால் போயும் கம்பீரம் போகாத அந்த மனிதர்தான் சில்வரின் மூலம் என்று அவருக்கே கடிதத்தில் எழுதினார்.

மருத்துவனாக எனக்குப் பிடித்தவர் கதையில் வரும் டாக்டர் லிவ்சி. சதுப்பு நிலத்தின் நாற்றத்தை வைத்தே "இங்கே காய்ச்சல் இருக்கு" என்று கண்டுகொள்வார். மலேரியாக் கிருமியைக் கொசுவின் உடலுக்குள் ரொனால்ட் ராஸ் நம் செகந்திராபாத்தில் கண்டறிந்ததே 1897-இல்தான். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. தன்னைக் கொல்லப் பார்த்த கொள்ளையர் காய்ச்சலில் விழுந்தபோது, அவர்கள் முகாமுக்கே போய் மருந்து கொடுப்பார். எதிரியானாலும் நோயாளி நோயாளிதானே.

அடுத்தது எட்கர் ஆலன் போவின் "தி கோல்ட் பக்", 1843. சிறுகதைதான், ஒரே மூச்சில் முடிக்கலாம். ஒரு ரகசியக் குறியீட்டை எழுத்தெழுத்தாக உடைத்துப் புதையலை எடுக்கும் கதை. புதையலுக்கு வழிகாட்டும் எலும்புக்கூட்டை இவரிடமிருந்துதான் எடுத்தேன் என்று ஸ்டீவன்சனே ஒத்துக்கொண்டார்.

மூன்றாவது ரைடர் ஹாகர்டின் "கிங் சாலமன்ஸ் மைன்ஸ்", 1885. "ட்ரெஷர் ஐலண்டில் பாதியளவுக்காவது உன்னால் எழுத முடியுமா?" என்று அண்ணன் சீண்ட, ஐந்து ஷில்லிங் பந்தயத்தில் எழுதியது என்பார்கள். விறுவிறுப்புக்குக் குறைவில்லை. ஆனால் யானை வேட்டையும் வெள்ளையர் ஆப்பிரிக்கரைப் பார்த்த பார்வையும் உறுத்தும். பிள்ளைகளுக்குக் கொடுத்தால் அதையும் பேசிவிட்டுக் கொடுங்கள்.

ஸ்டீவன்சனுக்கு இருந்தது காசநோய்தானா என்று பின்னாளில் சில மருத்துவர்கள் சந்தேகப்பட்டார்கள். 1894-இல் 44 வயதில், சமோவா தீவில், மூளை ரத்தக்கசிவால் இறந்தார்.

ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியை உலகுக்கு அறிவித்தது 1882 மார்ச்சில். ட்ரெஷர் ஐலண்ட் பத்திரிகைத் தொடராக முடிந்து இரண்டே மாதம். ஆனாலும் அதைக் கொல்லும் மருந்து வர 1940-கள் ஆயிற்று. தாவோஸ் மாதிரி மலை தேவையில்லை, வீட்டிலிருந்தே மாத்திரையால் குணமாகலாம் என்று உலகுக்குக் காட்டியது நம்ம மெட்ராஸில் நடந்து 1959-இல் வெளியான ஆய்வு.

ஹென்லிக்குக் கிடைக்காத அந்த மருந்து இன்று அரசு மருத்துவமனையில் இலவசம். அதனால் நல்லாயிட்டோம்னு பாதியில் நிறுத்திடாதீங்க. அதுதான் ஆபத்து.

அந்தப் பையனுக்கு இப்போது ஐந்தாவது மாசம். இருமல் இல்லை, எடை கூடியிருக்கு. போன முறை ஒரு தாளை மடித்துக் கொண்டு வந்தான். அவனே வரைந்த தீவு.

உங்கள் வீட்டிலும் யாராவது படுக்கையில் இருந்தால், பழத்தோடு ஒரு புத்தகமும் வாங்கிட்டுப் போங்க.