பங்களாதேஷ்: நெல் விளைந்தும் பட்டினி வந்தது ஏன்?

உணவுப் பாதுகாப்பு என்றதும் எவ்வளவு நெல் விளைந்தது, அரசுக் கிடங்கில் எத்தனை டன் இருக்கிறது என்ற கணக்கையே பலரும் பார்க்கிறார்கள். அந்தக் கணக்கு மோசமில்லாத ஓர் ஆண்டில்தான் பங்களாதேஷில் பெரும் பஞ்சம் வந்தது. 1974ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் இறந்தவர்கள் 26,000 பேர் என்றது அரசு. ஆய்வாளர் முஹியுத்தீன் ஆலம்கீரின் மதிப்பீடு, பின்விளைவாக நேர்ந்த மரணங்களையும் சேர்த்து, 15 இலட்சம்.

பொருளியலாளர் அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட நூலில் இந்தப் பஞ்சத்தை ஆராய்ந்தார். 1971 முதல் 1975 வரையிலான ஐந்து ஆண்டுகளில் தலைக்கு அதிகமாக உணவு தானியம் இருந்தது 1974இல்தான் என்பது அவர் கண்ட உண்மை. பஞ்சம் கடுமையாகத் தாக்கிய ரங்பூர், மைமன்சிங், சில்ஹெட் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் விளைச்சல் முந்தைய ஆண்டைவிடக் கூடியிருந்தது. பிறகு ஏன் செத்தார்கள்?

அவ்வாண்டு ஜூன் மாதம் தொடங்கி பிரம்மபுத்திராவில் அடுத்தடுத்து வெள்ளம் வந்தது. அறுவடைக்கு நின்ற ஆவுஸ் நெல் மூழ்கியது. ஆமன் நெல்லின் நாற்றும் அழிந்தது. ஆமன் அறுவடைக்கு வருவது நவம்பருக்குப் பிறகுதான். அந்த நெல் வீடு வந்து சேர வேண்டிய காலத்துக்கு முன்பே மக்கள் மடியத் தொடங்கிவிட்டார்கள். அவர்களைக் கொன்றது விளையாமல் போன நெல் அல்ல. நாற்று நடவும் இல்லை, அறுப்பும் இல்லை, ஆகவே கூலியும் இல்லை. நிலமில்லாத கூலிக்காரர் வீட்டில் குதிர் கிடையாது. அன்றாடம் வாங்கித்தான் உலை வைப்பார். ஜூலைக்கும் அக்டோபருக்கும் இடையில் சில மாவட்டங்களில் அரிசி விலை இரண்டு மடங்கானது.

அந்த விலையேற்றம் உண்மையான தட்டுப்பாட்டின் அளவுக்குப் பொருந்தவில்லை. 'இனி அரிசி கிடைக்காது' என்ற எதிர்பார்ப்பே விலையைத் தூக்கியது. அவ்வாண்டு பிப்ரவரியில் வந்த சிறப்பு அதிகாரச் சட்டத்தில் பதுக்கலுக்கு மரண தண்டனை வரை இடமிருந்தது. சட்டம் ஏட்டில் இருந்தது, விலை ஏறிக்கொண்டே போனது. நம் ஃபிக்ஹ் நூல்களில் 'இஹ்திகார்' என்ற பெயரில் பேசப்படுவது இதுதான். மக்கள் தவிக்கும் நேரத்தில், தன் குடும்பத் தேவைக்கு மேல் தேக்கி வைத்திருக்கும் தானியத்தை விற்கும்படி வியாபாரிக்கு உத்தரவிட காழிக்கு அதிகாரம் உண்டு என்கிறது ஹனஃபி சட்டம். அந்நாட்டு மக்களில் பெரும்பாலோர் பின்பற்றும் மத்ஹபும் அதுவே.

அரசின் கையிருப்போ குறைவு. இருந்ததிலும் பெரும்பகுதி டாக்கா, சிட்டகாங் போன்ற நகரங்களின் ரேஷன் கடைகளுக்குப் போனது. கியூபாவுக்குச் சணல் சாக்கு விற்றதைக் காரணம் காட்டி அமெரிக்கா உணவு உதவியை நிறுத்தி வைத்தது. ஏற்றுமதியை நிறுத்திவிட்டதாக டாக்கா பணிந்த பிறகு வந்த தானியத்தால் அந்த இலையுதிர் காலத்தில் பயனில்லை. செப்டம்பர் இறுதியில்தான் பஞ்சம் என்று அறிவித்து, லங்கர்கானாக்களைத் திறந்தார்கள். நம் பக்கத்தில் பஞ்ச காலத்துக் கஞ்சித்தொட்டி என்பார்களே, அதேதான். ஏறத்தாழ ஆறாயிரம் இடங்களில் 43 இலட்சம் பேருக்குமேல் உணவு பெற்றார்கள்.

இன்றைய நிலை வேறு. விடுதலையின்போது ஏழு கோடியாக இருந்த மக்கள்தொகை இப்போது 17 கோடி. ஒரு கோடி டன்னாக இருந்த அரிசி உற்பத்தி மூன்றரைக் கோடி டன்னைத் தாண்டிவிட்டது. குழாய்க் கிணறுகள் பெருகி, மழையில்லாக் காலத்தில் விளையும் போரோ நெல் முதன்மைப் பயிரானது. (குடிநீருக்குத் தோண்டிய அதே வகைக் கிணறுகளில் ஆர்சனிக் கலந்து வந்தது தனிக் கொடுமை.) ஆனால் 1998இல் நாட்டின் மூன்றில் இரண்டு பங்கு இரண்டு மாதத்துக்குமேல் வெள்ளத்தில் கிடந்தும் பஞ்சம் வராததற்கு விளைச்சல் காரணமல்ல. தனியார் அரிசி இறக்குமதிக்கு முன்பே அனுமதி தரப்பட்டிருந்தது. இந்தியாவிலிருந்து லாரிகள் வந்தன, பதுக்கியவருக்கு இலாபம் இல்லை.

ரங்பூர் பகுதியில் மட்டும் ஆண்டுதோறும் ஒரு சிறு பஞ்சம் வந்துகொண்டிருந்தது. அதற்கு 'மோங்கா' என்று பெயர். நடவு முடிந்து ஆமன் அறுப்பு தொடங்கும்வரை, செப்டம்பர் முதல் நவம்பர் வரை, கூலிக்காரருக்கு வேலை இராது. பங்களாதேஷ் நெல் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட குறுகிய கால நெல், ப்ரி தான் 33, ஒரு மாதம் முன்னதாகவே அறுப்புக்கு வந்தது. அந்த ஒரு மாதம்தான் அங்கே கூலி. ஆண்கள் டாக்காவுக்குப் போய் ரிக்‌ஷா மிதித்தும் பணம் அனுப்பினார்கள். 2016 முதல் 50 இலட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு, வேலை குறைந்த ஐந்து மாதங்களில் மாதம் 30 கிலோ அரிசி, கிலோ பத்து டாக்காவுக்குத் தரப்பட்டது. 2022இல் விலை 15 டாக்காவானது. தட்டு நிறைந்தாலும் ஊட்டம் போதவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்: 2022 கணக்கெடுப்பின்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 24 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 2007இல் அது 43 விழுக்காடு.

அதே நாட்டின் தென்கிழக்கு மூலையில், காக்ஸ் பஜார் மாவட்டத்தின் உக்கியா, டெக்னாஃப் முகாம்களில் பத்து இலட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்கியா அகதிகள் வாழ்கிறார்கள். சுற்றிலும் அரிசியும் மீனும் விற்கும் சந்தைகள் உண்டு. ஆனால் முகாமுக்கு வெளியே வேலை செய்ய அவர்களுக்குச் சட்டப்படி அனுமதி இல்லை. எனவே ஒரு குடும்பத்தின் உணவு முழுவதும் உலக உணவுத் திட்டத்தின் அட்டையில் ஏறும் தொகையைப் பொறுத்தது. நிதி வராததால் 2023 மார்ச்சில், ரமளானுக்குச் சில வாரங்கள் முன்பு, ஆளுக்கு மாதம் 12 டாலர் என்பது பத்தாகக் குறைந்தது. ஜூனில் அது எட்டு டாலரானது. நாளொன்றுக்கு 27 சென்ட். 2024இல்தான் மீண்டும் படிப்படியாக உயர்த்தினார்கள்.